வளைகாப்புக்கு முன்னால் வீட்டை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள்

1993இல் நான் ஒரு தப்புச் செய்தேன். செக்கானூரணிப் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராம செவிலியராக இருந்த நேரம். பிள்ளை பெற்று நாற்பது நாள்கூட ஆகாத ஒரு பச்சை உடம்புக்காரி, மருந்தடித்த மறுநாளே மல்லிக்காட்டுக்குப் பூ எடுக்கப் போய்விட்டு, கையெல்லாம் எரியுது என்று வந்து நின்றாள். சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். "மூணு நாளைக்குப் பிள்ளைக்குப் பால் குடுக்காத, பீய்ச்சிக் கீழ ஊத்திரு" என்றும் சேர்த்துச் சொன்னேன். எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. பயத்தில் வாயில் வந்தது.

அவள் மாமியார் டப்பாப் பால் வாங்கி, தெருமுனை அடிகுழாய்த் தண்ணீரில் கரைத்து, புட்டியில் கொடுத்தார். மூன்றாம் நாள் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. கண் உள்ளே போய், உச்சிக்குழி பள்ளமாகிவிட்டது. ராத்திரி கடைசி பஸ்ஸில் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்துக்கொண்டான். இப்போது அவனுக்கே கல்யாணம் ஆகிவிட்டது. கோயில் திருவிழாவில் என்னைப் பார்த்தால் அவன் அம்மா சிரித்துக்கொண்டே, "நர்ஸம்மா, பாலைக் கொட்டச் சொன்னீகளே" என்பாள். எனக்குச் சிரிப்பு வராது.

1986 முதல் 2020 வரை இதே வேலை. ஓய்வு பெற்ற பிறகும் போன் வருவது நிற்கவில்லை. இப்போது வருகிற கேள்வி புதுசு: "அத்தை, தாய்ப்பாலில் பூச்சிமருந்து இருக்காம், பிளாஸ்டிக் இருக்காம். பவுடர் பாலுக்கு மாறிரட்டுமா?" மாற வேண்டாம். பாலுக்கு வருகிற வழியை அடைக்க வேண்டும். அதைப் பிள்ளை பிறந்த பிறகு ஆரம்பிக்கிறதைவிட, வயிற்றில் இருக்கும்போதே, முடிந்தால் நாள் தள்ளிப்போவதற்கு முன்பே ஆரம்பிப்பது நல்லது. வீட்டைப் பார்க்கப் போகும்போது நான் முதலில் கர்ப்பிணியைப் பார்க்க மாட்டேன். வாசல், அடுப்படி, பரண், கொல்லை என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் பி.பி. மெஷினை எடுப்பேன். அதே சுற்றை நீங்களே சுற்றிக்கொள்ளலாம்.

அதற்கு முன் ஒரு பேர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பிள்ளைக்குப் பின்னால் விழுவதை நம் ஊரில் நஞ்சு, நஞ்சுக்கொடி என்கிறோம். "தாய் உடம்பில உள்ள நஞ்சையெல்லாம் அது புடிச்சு வச்சுக்கிரும், பிள்ளைக்கு விடாது, அதான் அந்தப் பேரு" என்று எங்கள் அம்மாச்சி சொல்லும். பேர் அழகாக இருக்கிறது, விஷயம் அப்படியில்லை. காரீயம் (லெட்) தாண்டும். பாதரசம் தாண்டும். பீடிப் புகையின் நிக்கோடின், விறகுப் புகையின் கார்பன் மோனாக்சைடு, பூச்சிமருந்து எல்லாமே தாண்டும். ஜப்பானில் மினமாட்டா என்ற கடற்கரை ஊரில் ஆலைக் கழிவின் பாதரசம் மீனில் ஏறி, 1956இல் முதல் நோயாளிகள் கண்டுபிடிக்கப்பட்டார்கள். அந்த மீனைத் தின்ற தாய்க்குக் கை லேசாக மரத்துப்போனதோடு சரி. அவள் பெற்ற பிள்ளைக்குக் கழுத்து நிற்கவில்லை. பாதரசம் தாயின் ரத்தத்தைவிடத் தொப்புள்கொடி ரத்தத்தில் கூடுதலாகவே சேரும். நஞ்சுக்கொடி காவல்காரனாக நிற்கும் என்று நம்பி உட்கார முடியாது.

பூக்காடு

மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். அந்த மொட்டைப் புழு தின்னாமல் காப்பாற்ற எத்தனை தடவை மருந்தடிக்கிறார்கள் என்று மாட்டுத்தாவணியில் பூ வாங்குகிறவர்களுக்குத் தெரியாது. உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் பூ எடுக்கிற பெண்களுக்குத் தெரியும்.

விடியக்காலை நாலு மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். ஏழு மாச வயிறு. சேலையை இடுப்பில் சுற்றிக் கட்டிய மடி. அதில் பனியோடு பறித்துப் போட்ட மொட்டு. இரண்டு மணி நேரத்தில் மடித்துணி நனைந்து வயிற்றோடு ஒட்டிக்கொள்ளும். முந்தின நாள் அடித்த மருந்து அந்த ஈரத்தோடுதான் வருகிறது. ஒருத்திக்குத் துணியை விலக்கிப் பார்த்தேன்: தொப்புளுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிவந்து, ஓரத்தில் உரிந்திருந்தது. "வெக்கைக்கு அப்பிடித்தான்க்கா" என்றாள். பூச்சிமருந்து வாய் வழியாக மட்டும் உள்ளே போவதில்லை. நனைந்த தோல் வழியாக நன்றாகவே போகும்.

வயிற்றில் பிள்ளை இருக்கும்போது பூக்காட்டுக்குப் போகாமல் இருப்பதுதான் சரி. ஆனால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவளிடம் அதைச் சொல்லிவிட்டு நான் மட்டும் பஸ் ஏறி வந்துவிட முடியாது. அதனால் போகிறவர்களுக்கு: முதலில் காட்டுக்காரரிடம் மருந்தடித்த நாளைக் கேளுங்கள். எத்தனை நாள் கழித்து இறங்கலாம் என்று டப்பா லேபிளில் இருக்கும். இல்லையென்றால் இரண்டு நாளாவது விடுங்கள். மடி கட்டாதீர்கள். பிளாஸ்டிக் வாளியோ கூடையோ வைத்துக்கொள்ளுங்கள், வயிற்றை விட்டுத் தள்ளி. வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையை மேலே போட்டுக்கொள்ளுங்கள். காட்டில் வெற்றிலை போடாதீர்கள், டீ குடிக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வீட்டுக்கு வந்ததும் குளித்து, சேலை மாற்றி, அப்புறம்தான் பிள்ளையைத் தூக்குவது. அந்தச் சேலையை மற்றத் துணியோடு ஊற வைக்காதீர்கள், தொட்டில் துணியோடு வேண்டவே வேண்டாம்.

மருந்து டப்பாவில் சாய்த்து வைத்த சதுரம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதியில் உள்ள நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் கொடியது, அடுத்து மஞ்சள், அப்புறம் நீலம், கடைசி பச்சை. எழுத்துப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் இது புரியும். காலி டப்பாவில் எண்ணெய் ஊற்றி வைக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. தெளிப்பான் டேங்கைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைக்கிற பழக்கமும்.

பூ எடுக்கிறவள் ஜாக்கிரதையாக இருந்தால் போதாது. மருந்தடிக்கிற வீட்டுக்காரர் அதே கைலியோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தால் எல்லாம் வீண். பழைய பேட்டரி உடைக்கிற வேலை, பட்டறையில் பற்றவைக்கிற வேலை, பட்டாசு வேலை என்று எதற்குப் போகிறவராக இருந்தாலும் கொல்லையிலேயே உடை மாற்றிக் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். பேட்டரிக் காரீயத் தூசி சட்டை மடிப்பில் உட்கார்ந்து வீட்டுக்கு வரும். அந்தச் சட்டையை உதறித் துவைக்கிறவள் யார் என்று யோசித்துப் பாருங்கள்.

மருந்து பட்ட பிறகு வாந்தி, வாயில் எச்சில் வடிதல், கண்ணில் நீர், வேர்த்து ஊற்றுதல், கை நடுக்கம் இதெல்லாம் வந்தால் மோர் குடித்துக்கொண்டிருக்காதீர்கள். துணியைக் கழற்றி, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவி, 108க்கு அடியுங்கள். மருந்து டப்பாவையும் கையில் கொண்டு போங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம். பால் கொடுக்கிறவளாக இருந்தால், எப்போது மறுபடி கொடுக்கலாம் என்பதை டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். என்னைப் போல ஒருத்தி தானாகச் சொல்லிவிடக் கூடாது.

பூவைத் தலையில் வைப்பதை நான் தடுக்கவில்லை. மதுரையில் அப்படிச் சொல்லிவிட்டு நடமாட முடியுமா? ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள். பிள்ளை தவறிப்போனால் பால் வற்றுவதற்கு மல்லிகைப்பூவை மாரில் வைத்துக் கட்டுவார்கள். அது வெறும் நம்பிக்கை இல்லை. 1988இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வு, பால் வற்றும் மாத்திரைக்கு ஈடாக மல்லிகை வேலை செய்ததாகச் சொன்னது. பால் போதவில்லை என்று அழுகிறவள் பூச்சரத்தை மாரில் போட்டுக்கொண்டு படுக்காமல் இருப்பது நல்லது.

அடுப்படியும் அஞ்சறைப்பெட்டியும்

ஈயம் என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு உலோகத்துக்கு வைத்திருக்கிறோம். பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம். அதில் கெடுதல் இல்லை. பேட்டரியிலும் பழைய பெயின்ட்டிலும் இருப்பது காரீயம். பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது அதுதான். பிரச்சினை என்னவென்றால், விலை குறைக்க வெள்ளீயத்தில் காரீயத்தைக் கலக்கிறார்கள். சீர்வரிசையில் வந்த ஈயச்சொம்பில் புளியும் தக்காளியும் போட்டு ரசம் கொதித்தால், புளிப்பு அந்தக் காரீயத்தைக் கரைத்து ரசத்தில் இறக்கும். கண்ணுக்குத் தெரியாது, ருசியிலும் தெரியாது. என் மகள் வயிற்றில் இருந்தபோது என் மாமியாரின் ஈயச்சொம்பில்தான் ரசம் வைத்தோம், எனக்கு அப்போது இது தெரியாது. இப்போது அது பரணில் இருக்கிறது. பாத்திரத்தின் வம்சாவளி உங்களுக்குத் தெரியாதென்றால் பத்து மாசமும் பால் கொடுக்கிற காலமும் எவர்சில்வரிலோ மண்சட்டியிலோ ரசம் வையுங்கள். மணம் கொஞ்சம் குறையும், அதற்கு நான் பொறுப்பு. பழைய உலோகத்தை உருக்கி வார்த்த மலிவு அலுமினியச் சட்டியும் இதே கதைதான், புளிக்குழம்புக்கு ஆகாது.

மஞ்சள் தூளைச் சில்லறையில் வாங்காதீர்கள். வங்காளதேசத்தில் கிராமத்துக் கர்ப்பிணிகள் ரத்தத்தில் ஏன் இவ்வளவு காரீயம் என்று தேடிப் போனவர்கள் கடைசியில் மஞ்சளில் போய் நின்றார்கள். மங்கிப்போன கிழங்குக்குப் பளிச்சென்று நிறம் வர காரீயம் சேர்ந்த லெட் குரோமேட் என்ற மஞ்சள் சாயத்தைத் தேய்த்திருந்தார்கள். 2019இல் அது வெளியே வந்து, அரசு கெடுபிடி செய்த பிறகு அங்கே அந்தக் கலப்படம் நின்றது. நமக்கு இதில் என்ன பாடம் என்றால், தூள் வேண்டாம் என்று விரலி மஞ்சள் வாங்கினால் மட்டும் போதாது. பொன்னாகப் பளபளக்கிற கிழங்கையும் தள்ளிவிட்டு, மங்கலாக, மண்வாடையோடு இருப்பதைப் பொறுக்குங்கள். உள்ளங்கையில் தேய்த்தால் சாயம் ஒட்டக் கூடாது. கழுவி, காயவைத்து, மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்ளுங்கள்.

சுர்மா மையிலும் காரீயம் இருக்கிறது. குழந்தைக்குக் கண்ணில் எந்த மையும் வேண்டாம், வீட்டில் விளக்கில் பிடித்த மையாக இருந்தாலும் கன்னத்தில் திருஷ்டிப்பொட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பஸ்பம், செந்தூரம் என்று யார் பொட்டலம் கொடுத்தாலும், முறையாகப் படித்த சித்த மருத்துவர் உங்கள் வயிற்றைப் பார்த்துவிட்டுக் கொடுத்தால் தவிர, தொடாதீர்கள். பாதரசம் சேர்கிற செந்தூரங்கள் உண்டு.

ஒரு காரியம் கேட்கக் கூச்சப்படுவார்கள், நான் கேட்டுவிடுவேன்: "சாம்பல் திங்கிறியா, மண்ணு திங்கிறியா?" பத்தில் ஒருத்தியாவது தலையைக் குனிவாள். ஒருத்தி முந்தானை முடிச்சில் அடுப்புச் சாம்பல் வைத்திருந்தாள், பாக்கு மாதிரி கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொள்வாள். இன்னொருத்தி மூத்தவனின் சிலேட்டுக் குச்சி டப்பாவையே காலி செய்தாள். திட்டாதீர்கள். பெரும்பாலும் ரத்தசோகைதான் அந்த ஆசையைக் கிளப்புகிறது. ரோட்டோர மண்ணில் காரீயம் இருக்கும். காரீயம் போட்ட பெட்ரோலை நிறுத்தியதே 2000இல்தான். இரும்புச்சத்து குறைந்த உடம்பு வேறு, வருகிற காரீயத்தைக் கூடுதலாக இழுத்துக்கொள்ளும். ஆகவே ஆஸ்பத்திரியில் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்காமல் விழுங்குங்கள். டீயோடு வேண்டாம்.

கால்சியம் மாத்திரை விஷயமும் அப்படித்தான். பெரிய மாத்திரை, குமட்டுது என்று அதைத்தான் முதலில் நிறுத்துவார்கள். பெரியவர்கள் உடம்பில் இருக்கும் காரீயத்தில் நூற்றில் தொண்ணூறு பங்குக்கு மேல் எலும்பில்தான் தங்கும். சின்ன வயசில் சேர்ந்தது முப்பது வயசிலும் அங்கேயே இருக்கும். பிள்ளையின் எலும்புக்குக் கிட்டத்தட்ட 30 கிராம் கால்சியம் வேண்டும். சாப்பாட்டில் கிடைக்காவிட்டால் தாயின் எலும்பைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். எலும்பு கரையும்போது உள்ளே உறங்கிய காரீயமும் எழுந்து வரும். பால் கொடுக்கும்போதும் அதேதான். நாலாம் மாசத்திலிருந்து பிள்ளை பிறந்து ஆறு மாசம் வரை தினம் 2 கால்சியம் மாத்திரை என்பது அரசுக் கணக்கு. சாப்பாட்டோடு போடுங்கள், இரும்பு மாத்திரையோடு சேர்த்துப் போடாதீர்கள். ஒன்றை ஒன்று தடுக்கும். கேழ்வரகு, முருங்கைக்கீரை, எள்ளுருண்டை, தயிர் எல்லாம் இதே வேலையைச் செய்யும். வெறும் வயிற்றோடு இருக்கும்போது காரீயம் அதிகமாக உள்ளே போகும் என்பதால், காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

பரோட்டா சால்னாவைக் கொதிக்கக் கொதிக்கப் பாலிதீன் கவரில் ஊற்றி முடிச்சுப் போட்டுக் கொடுப்பார்கள். 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் அந்தக் கவருக்குத் தடை; கடைக்காரருக்கு இன்னும் சேதி போகவில்லை போலிருக்கிறது. தூக்குவாளி கொண்டு போங்கள்.

புகை

கேஸ் இருக்கும். ஆனால் வெந்நீருக்கும் மாட்டுத்தீவனத்துக்கும் கொல்லையில் விறகடுப்புத்தான் எரியும். அதைப் பற்றவைக்க என்ன போடுகிறார்கள் என்று நின்று பாருங்கள்: பால் கவர், செருப்புத் துண்டு, சைக்கிள் டியூப். குப்பென்று பிடித்துக்கொள்ளும். அந்தக் கறுப்புப் புகையில் டயாக்சின் என்ற விஷம் உண்டாகும். அது கொழுப்பில் போய் வருஷக்கணக்கில் தங்கும், அங்கிருந்து பாலுக்கு வரும். தேங்காய் நார், பன்னாடை இருக்கிறபோது எதற்குப் பிளாஸ்டிக்? தெருவில் குப்பை எரிகிறதென்றால் அந்த நேரம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருங்கள், மறுநாள் பஞ்சாயத்துக்குப் போய்ச் சண்டை போடுங்கள். இரண்டும் அவசியம்.

வெறும் விறகுப் புகையும் சாதாரணமில்லை. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடை ரத்தம் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். பிள்ளைக்குப் போக வேண்டிய ஆக்சிஜன் குறையும். தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. காற்றில் நுண்துகள் ஒரு கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால் பிறக்கும் பிள்ளையின் எடை 4 கிராம் குறைகிறது என்றது. நாலு கிராம்தானே என்று தோன்றும். ஜன்னலில்லாத அடுப்படியில் சமைக்கிற நேரம் நுண்துகள் பத்தில்லை, நூற்றுக்கணக்கான மைக்ரோகிராமாக ஏறும். எடை குறைந்த பிள்ளை என்று சொல்கிற இரண்டரைக் கிலோ கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று நிற்கிற பிள்ளைக்கு அது பெரிய விஷயம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளுக்குக் கேஸ் அடுப்புக் கொடுத்து நாலு நாடுகளில் சோதித்தார்கள், தமிழ்நாட்டுக் கிராமங்களும் அதில் சேர்த்தி. 2022இல் வந்த முடிவில் பிறப்பு எடை சொல்லும்படி கூடவில்லை. அதைப் படித்தபோது எனக்கு ஏமாற்றம்தான். என் நினைப்பு இது: நாள் தள்ளிப் பல வாரம் கழித்து அடுப்பை மாற்றினால் தாமதம், பக்கத்து வீட்டுப் புகையும் தெருப் புகையும் அப்படியே இருக்கிறது. அதனால் கேஸ் வந்துவிட்டது என்று மற்றதை மறந்துவிடாதீர்கள்.

மற்றது என்றால் முதலில் கொசுவத்தி. மூடிய அறையில் ஒரு சுருள் எரிந்து முடிந்தால் 75 முதல் 137 சிகரெட் எரிந்த அளவுக்கு நுண்துகள் வரும் என்று 2003இல் அளந்து சொன்னார்கள். பீடி பிடிக்கிற வீட்டுக்காரரைத் திண்ணைக்கு விரட்டிவிட்டு, கட்டிலுக்கு அடியில் சுருளைக் கொளுத்தி வைக்கிறோம். கொசுவலை வாங்குங்கள்.

அப்புறம் சாம்பிராணி. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் பிள்ளையைப் பிடித்துப் புகை காட்டுகிற அப்பத்தாக்களிடம் நான் தோற்ற இடம் இது. "உங்களையெல்லாம் அப்பிடித்தான வளத்தோம்" என்பார்கள். கரி நெருப்பில் தூவிய காலம் போய் இப்போது கம்ப்யூட்டர் சாம்பிராணி வேறு வந்துவிட்டது. பிறந்த பிள்ளையின் நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. தலைமுடி காய மெல்லிய பருத்தித்துண்டு போதும். மனசு கேட்கவில்லையென்றால் காலையிலேயே வீட்டுக்குக் காட்டிவிட்டு, புகை எல்லாம் வெளியே போன பிறகு பிள்ளையை உள்ளே கொண்டு வாருங்கள். இந்தச் சமாதானத்துக்குத்தான் பல வீடுகளில் ஒத்துக்கொண்டார்கள்.

மீன்

பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க சுறாப்புட்டு. கரிமேட்டில் மீன் வாங்கி, மஞ்சள் போட்டு அவித்து, உதிர்த்து, பூண்டும் வெங்காயமும் அள்ளிப் போட்டு, வாசனை தெருவைத் தூக்கும். பூண்டை வையுங்கள், சுறாவை மாற்றுங்கள். சின்ன மீனைப் பெரிய மீன் தின்று, அதை இன்னும் பெரிய மீன் தின்று வரும்போது, படிக்குப் படி பாதரசம் ஏறும். சுறா மேல்படியில் நிற்கிறது. பெரிய வஞ்சிரமும் பக்கத்தில். பாதரசம் சதையோடு ஒட்டியிருப்பதால் கழுவினாலும் அவித்தாலும் போகாது. உடம்பில் போனது பாதியாகக் குறையவே ஏறத்தாழ 50 நாள் ஆகும்.

மீனே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். பிள்ளையின் மூளைக்கு வேண்டிய கொழுப்பு மீனில்தான் இருக்கிறது. நெத்திலி, சாளை, காரப்பொடி மாதிரிப் பொடிமீன் வாங்குங்கள். நம் ஊருக்கு அயிரை இருக்கிறதே! கண்மாயில் பிடித்ததா, சாக்கடை கலக்கிற இடத்தில் பிடித்ததா என்று மட்டும் விற்கிறவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதே புட்டை நெத்திலியில் செய்யலாம். முள் எடுக்கப் பொறுமை வேண்டும்.

பால் வந்த பிறகு

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மலேரியாவுக்கு வீட்டுக்குள் டி.டி.டி. என்ற பூச்சிமருந்து அடிக்க ஆள் வருவார்கள். அடித்துவிட்டு வாசல் சுவரில் தேதி எழுதிப் போவார்கள். வெள்ளைத் தூள் படிந்த சுவரில் நாங்கள் விரலால் படம் வரைவோம். அந்த டி.டி.டி. கொழுப்பில் தங்குகிற சரக்கு. தாய்ப்பாலில் நூற்றுக்கு மூன்று, நாலு பங்கு கொழுப்பு. அதோடு வெளியே வரும். 1951லேயே அமெரிக்கத் தாய்மார் பாலில் அது இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். என் மகள் என்னிடம் குடித்ததில் நிச்சயம் இருந்திருக்கும். தடை போட்ட நாடுகளில் பாலில் அதன் அளவு வருஷம் வருஷமாக இறங்கியதையும் அளந்திருக்கிறார்கள். இத்தனையும் தெரிந்த உலக சுகாதார நிறுவனம் இன்றைக்கும் முதல் ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும் என்றுதான் சொல்கிறது.

ஏன் என்றால், டப்பாப் பாலைக் கரைக்கத் தண்ணீர் வேண்டும். உரம் போட்ட வயலுக்கு நடுவில் இருக்கும் கிணற்றில் நைட்ரேட் என்ற உப்பு ஏறியிருக்கும். குடிநீரில் அதற்கு எல்லை லிட்டருக்கு 45 மில்லிகிராம். அதைத் தாண்டினால் கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைத் தூக்க முடியாமல் உதடும் நகமும் நீலம் பூக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் சாகாது. தண்ணீர் வற்றி அதன் அடர்த்தி இன்னும் கூடும். அதே தண்ணீரைத் தாய் குடித்தால் பாலுக்கு அது பெரிதாக ஏறுவதில்லை. காரீயமும் அப்படி, தாயின் ரத்தத்தில் இருப்பதில் நூற்றில் 3 பங்குக்கும் குறைவாகத்தான் பாலில் வரும். பிளாஸ்டிக் பயத்துக்கும் இதே பதில்: 2022இல் தாய்ப்பாலில் நுண்பிளாஸ்டிக் கண்டுபிடித்த செய்தியைப் படித்தவர்கள், 2020இல் சூடான தண்ணீர் ஊற்றிய பிளாஸ்டிக் புட்டியிலிருந்து லிட்டருக்கு லட்சக்கணக்கில் துகள் உதிர்ந்ததைப் படிக்கவில்லை. புட்டியே வேண்டாம், கட்டாயம் என்றால் எவர்சில்வர் பாலாடை. கிணற்றுத் தண்ணீரை மதுரையில் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கலாம். பஞ்சாயத்தில் சோதனைப் பெட்டி வைத்திருக்கும் பெண்கள் இருந்தால் அவர்களையே கேளுங்கள்.

சீம்பாலைக் கொட்டாதீர்கள். பீய்ச்சி ஊற்றினால் உடம்பு சுத்தமாகும் என்பது என் 1993 முட்டாள்தனம்; கொழுப்பிலும் எலும்பிலும் இருப்பது மூன்று நாளில் காலியாகாது. பத்தியம் என்று பட்டினி கிடந்தோ, பழைய ரவிக்கை சேர வேண்டும் என்று மளமளவென்று இளைத்தோ போகாதீர்கள். கொழுப்பு வேகமாகக் கரைந்தால் அதில் தங்கியதெல்லாம் ஒரேயடியாகப் பாலுக்கு வரும். மெதுவாக இளையுங்கள். பேட்டரிப் பட்டறை மாதிரி இடத்தில் வேலை செய்தவளாக இருந்தால் மட்டும் டாக்டரிடம் அதைச் சொல்லி ரத்தத்தில் காரீயம் பார்க்கச் சொல்லுங்கள். டெசிலிட்டருக்கு 40 மைக்ரோகிராம் போல எகிறியிருந்தால் பால் கொடுப்பதைக் கொஞ்ச நாள் தள்ளி வைக்கச் சொல்வார்கள். அப்படி ஒரு கேஸை என் வேலைக்காலத்தில் நான் பார்த்ததில்லை.

தாய்வீட்டுக்கு வெள்ளையடிக்கும் முன்

ஏழாம் மாசம் வளைகாப்பு, கட்டுச்சோறு, தாய்வீட்டுப் பயணம். மகள் வருகிறாள் என்று அப்பா செய்கிற முதல் வேலை, வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பது. அதற்கு முன் பழைய பெயின்ட்டைச் சுரண்டுவது. நம் நாட்டில் வீட்டுப் பெயின்ட்டில் காரீயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பச்சைக் கதவு, மஞ்சள் ஜன்னல் கம்பி எதிலும் இருக்கலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த தூசி ஜன்னல் திண்டில், பாயில், தலையணையில் படியும். அடுத்த வாரம் கர்ப்பிணி அங்கே வந்து படுக்கிறாள். ஒன்றரை வருஷத்தில் அந்தப் பேரன் அதே திண்டைப் பிடித்து எழுந்து நின்று, விரலை வாயில் வைக்கிறான்.

என் மகளுக்கு ஏழாம் மாசம் 2014. என் வீட்டுக்காரர் கையில் உப்புத்தாளோடு வாசல் நிலையில் நிற்கிறார், ஆசாரி செய்த தேக்கு நிலை, மூன்று பூச்சுப் பெயின்ட். "பிள்ளை வர்ற வீடு இப்பிடியா இருக்கும்?" என்று அவருக்குக் கோபம். கடைசியில் சுரண்டாமல், ஈரத்துணியால் துடைத்து, உரிந்த இடத்தை மட்டும் தண்ணீர் தெளித்து நனைத்து எடுத்து, மேலே புதுப் பூச்சு ஒன்று கொடுத்தோம். விழுந்த செதிலைச் செய்தித்தாளில் மடித்து, பையில் கட்டிக் குப்பை வண்டியில் போட்டோம், அடுப்பில் போடவில்லை. தரையை விளக்குமாற்றால் கூட்டாமல் இரண்டு நாள் ஈரத்துணியால் துடைத்தோம். மகள் ஒரு வாரம் கழித்துத்தான் வந்தாள். சுவருக்கு வெறும் சுண்ணாம்பு.

நிலை இன்றைக்கும் மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் பெயின்டர் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.